ரெப்ளிகாவுக்கு யார் கதவைத் திறப்பது? டேட்டாபேஸ் பாஸ்வேர்டின் 25 ஆண்டுக் கதை

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு எரர் மெசேஜைப் பத்தி. அதோட எண் 2061. ‘ஆதென்டிகேஷனுக்குப் பாதுகாப்பான கனெக்ஷன் தேவை’ என்பது அதன் சாரம். மை-எஸ்கியூஎல் 8-இல் ரெப்ளிகேஷன் அமைத்தவர்களில் நிறைய பேர் இதைப் பார்த்திருப்பீங்க. யூசர் பெயர் சரி. பாஸ்வேர்டு சரி. ஃபயர்வால் திறந்திருக்கு. நீங்களே கையால் டைப் பண்ணி லாகின் செய்தால் உள்ளே போகுது. ரெப்ளிகா மட்டும் வாசலிலேயே நிக்குது. அதைவிடக் கொடுமை என்னன்னா, நேத்து வரைக்கும் அதே ரெப்ளிகா உள்ளே போய் வந்துக்கிட்டுதான் இருந்தது.

இதைச் சரிசெய்வது ரெண்டு வரி வேலை. அதைக் கடைசியில் சொல்றேன். அதுக்கு முன்னாடி, இப்படி ஒரு எரர் ஏன் வந்தது என்பதற்குப் பின்னால் ஒரு நல்ல வரலாறு இருக்கு. 1979-இல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை, 2004-இல் உலகம் முழுக்க வெப்சைட்டுகளைத் தடுமாற வைத்த ஒரு அப்கிரேடு, 2017-இல் ஒரு கம்பெனி ஊரறிய டேட்டாவைத் தொலைத்த ராத்திரி, எல்லாம் இதுல வரும்.

நகல் எடுக்கவும் அனுமதி வேணும்

ஐடி பக்கம் இல்லாதவங்களுக்காக ஒரு நிமிஷம். ரெப்ளிகேஷன் என்றால் ஒரு டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் இன்னொரு சர்வரில் உடனுக்குடன் நகலெடுப்பது. முதல் சர்வர் விழுந்தால் இரண்டாவது கைகொடுக்கும். நீங்க டிக்கெட் புக் பண்ணும்போதும், பணம் அனுப்பும்போதும் பின்னால் இப்படி ஒரு நகல் ஓடிக்கிட்டு இருக்க வாய்ப்பு அதிகம்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. நகல் தானாக வந்து சேராது. ரெப்ளிகா சர்வர் ஒரு சாதாரண யூசர் மாதிரி மூல சர்வருக்குப் போய், பெயரும் பாஸ்வேர்டும் சொல்லி, உள்ளே நுழைந்து, மாற்றங்களை வாங்கிக்கொண்டு வரணும். ராத்திரி 3 மணிக்குக் கனெக்ஷன் அறுந்தால், திரும்ப டைப் பண்ண அங்கே மனுஷங்க யாரும் இருக்க மாட்டாங்க. அதனால் பாஸ்வேர்டை எங்காவது எழுதி வைத்தே ஆகணும். மை-எஸ்கியூஎல் பல வருஷம் அதை ‘மாஸ்டர் டாட் இன்ஃபோ’ என்ற ஒரு ஃபைலில் எழுதி வைத்தது. எந்த மறைப்பும் இல்லாமல், படிக்கிற மாதிரியே.

இயந்திரம் இயந்திரத்திடம் லாகின் செய்யும்போது வரும் அடிப்படைச் சிக்கல் இதுதான். மனுஷனுக்கான பாஸ்வேர்டு முறையை ஆளில்லாத வேலைக்கு மாட்டிவிட்டோம். இனி வரப்போற கதை முழுக்க இந்த ஒட்டுப்போட்ட இடம் பிரியும் கதைதான்.

2000: வாட்ச்மேன் கையில் பீரோ சாவி

மை-எஸ்கியூஎல் 1995-இல் பிறந்தது. மிக்கேல் விடேனியஸ், டேவிட் ஆக்ஸ்மார்க், ஆலன் லார்சன் என்ற மூன்று பேர் தொடங்கிய ஸ்வீடன் நிறுவனம். விடேனியஸின் மகள் பெயர் ‘மை’. அந்தப் பெயர்தான் டேட்டாபேஸுக்கும் வந்தது. 2000-ஆம் ஆண்டு, 3.23 பதிப்பு வரிசையில் ரெப்ளிகேஷன் உள்ளே வந்தது. அப்போது மூல சர்வரை ‘மாஸ்டர்’ என்றும் நகலை ‘ஸ்லேவ்’ என்றும் சொன்னார்கள். 2020-இல் அந்தச் சொற்களைக் கைவிடுவதாக அறிவித்து, ‘சோர்ஸ்’, ‘ரெப்ளிகா’ என்று மாற்றினார்கள். நாமும் அப்படியே சொல்லுவோம்.

ஆரம்பத்தில் ரெப்ளிகேஷனுக்கென்று தனி அனுமதி கிடையாது. அதற்குப் பதிலாக ரெப்ளிகா அக்கவுண்டுக்கு ‘ஃபைல்’ என்ற அனுமதியைத் தரச் சொன்னார்கள். அது என்ன செய்யும் தெரியுமா? டேட்டாபேஸ் புரோகிராம் தொடக்கூடிய ஃபைல்களை சர்வர் கம்ப்யூட்டரிலிருந்தே படிக்கலாம், புதுசா எழுதவும் செய்யலாம். அதாவது, தபாலை வாங்கி வைக்க வந்த வாட்ச்மேனிடம் பீரோ சாவியைக் கொடுத்த மாதிரி. நகலெடுக்க மட்டுமே வந்த ஒரு அக்கவுண்டுக்கு அவ்வளவு அதிகாரம். 4.0 வரிசையில்தான் ‘ரெப்ளிகேஷன் ஸ்லேவ்’ என்ற தனி அனுமதி வந்தது.

அந்தக் காலத்தில் உருவான அக்கவுண்டுகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓடுகிற ரெப்ளிகேஷனை எவன் தொடுவான்? இந்தப் பழக்கத்தை ஞாபகத்தில் வச்சுக்கோங்க.

1979-இல் சொன்னதை 2004-இலும் கேட்கவில்லை

இப்போ கொஞ்சம் பின்னால் போவோம். 1979-இல் பெல் லேப்ஸைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸ், கென் தாம்ப்சன் இருவரும் யூனிக்ஸ் பாஸ்வேர்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் பாதுகாப்பு படிக்கிற யாரும் தாண்டிப் போக முடியாத கட்டுரை அது. அதில் இரண்டு யோசனைகள் நமக்கு முக்கியம்.

ஒன்று, பாஸ்வேர்டைச் சேமிக்கும் கணக்கு வேண்டுமென்றே மெதுவாக இருக்கணும். திருடன் ஒரு நொடியில் கோடி முறை முயற்சி பண்ண முடியாதபடி. இரண்டு, ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் ஒரு சீரற்ற எண்ணைக் கலக்கணும். அதற்கு ‘சால்ட்’ என்று பெயர், உப்பு. உப்பு கலந்தால், இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டை வைத்திருந்தாலும் சேமிக்கப்படும் ‘ஹாஷ்’ வேறு வேறாக இருக்கும்.

மை-எஸ்கியூஎல்லின் பழைய முறையில் இந்த இரண்டுமே இல்லை. 16 எழுத்தில் ஒரு ஹாஷ், அவ்வளவுதான். இன்னொரு பெரிய ஓட்டையும் இருந்தது. அந்த ஹாஷைத் திருடினாலே போதும், ஒரிஜினல் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்காமலேயே லாகின் பண்ணலாம். பூட்டின் படமே சாவியாக வேலை செய்த மாதிரி.

2004 அக்டோபரில் 4.1 பதிப்பு பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபோது இதை மாற்றினார்கள். ஷா-1 என்ற கணக்கை இரண்டு முறை போட்டு, முன்னால் ஒரு நட்சத்திரக் குறி சேர்த்து, 41 எழுத்தில் புது ஹாஷ். ஹாஷை மட்டும் திருடினால் இனி உள்ளே போக முடியாது. நல்ல முன்னேற்றம். ஆனால் உப்பு? அப்பவும் இல்லை.

அப்கிரேடு செய்த அன்றைக்கே பலருக்கு எரர் 1251 வந்தது. ‘சர்வர் கேட்கும் ஆதென்டிகேஷன் முறை உன்னிடம் இல்லை, உன் கிளையன்டை அப்கிரேடு செய்’ என்று அர்த்தம். அப்போது நிறைய வெப்சைட்டுகள் பிஎச்பி 4-இல் ஓடின. அதோடு வந்த மை-எஸ்கியூஎல் லைப்ரரிக்குப் புது மொழி தெரியாது. என்ன செய்வது? ‘ஓல்டு பாஸ்வேர்டு’ என்று ஒரு வசதி கொடுத்தார்கள். அதைப் போட்டால் பழைய 16 எழுத்து ஹாஷே திரும்ப வரும். எரர் போய்விடும். சைட் ஓடும்.

தற்காலிகத் தீர்வு என்று கொடுத்த அந்த வழி எப்போது முழுசாக மூடப்பட்டது தெரியுமா? 2015-இல், 5.7 பதிப்பில். 11 வருஷம்!

நடுவில் 2013-இல் வந்த 5.6 பதிப்பு, பழைய ஹாஷோடு பேசவே மாட்டேன் என்று இயல்பாகவே மறுக்க ஆரம்பித்தது. அங்கேதான் ரெப்ளிகேஷன் மாட்டியது. அப்கிரேடு செய்யும்போது ரெப்ளிகாவை முதலில் ஏற்றி, அப்புறம் சோர்ஸை ஏற்றுவதுதான் முறை. ரெப்ளிகா புதுசாகிவிட்டது. சோர்ஸில் இருக்கும் ரெப்ளிகேஷன் அக்கவுண்ட் யாரோ எப்போதோ உருவாக்கியது, 16 எழுத்து ஹாஷ். இந்தத் தடவை கதவைச் சாத்தியது சோர்ஸ் இல்லை. ரெப்ளிகாவே உள்ளே போக மறுத்தது. மனுஷங்க அக்கவுண்டுகளில் பாஸ்வேர்டு அப்பப்போ மாறும், ஹாஷும் புதுசாகும். இயந்திர அக்கவுண்டை யார் மாற்றப்போறாங்க?

இதோடு ஒரு சின்ன, குரூரமான விவரம். மை-எஸ்கியூஎல் ரெப்ளிகேஷன் கட்டளையில் பாஸ்வேர்டு 32 எழுத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 5.7-க்கு முன்னால், 40 எழுத்து கொடுத்தால் கட்டளை ‘வெற்றி’ என்று சொல்லும். மிச்சம் 8 எழுத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். அப்புறம் லாகின் தோற்கும். பாதுகாப்பில் அக்கறையாக நீளமான பாஸ்வேர்டு வைத்தவருக்குத்தான் இந்தத் தண்டனை. 5.7 வந்த பிறகுதான் கட்டளையே நேர்மையாக ‘முடியாது’ என்று சொன்னது.

2018: முகம் பார்த்து உள்ளே விடும் செக்யூரிட்டி

2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் சேர்ந்து, ஒரே ஷா-1 ஹாஷ் வரும் இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் ஃபைல்களை வெளியிட்டார்கள். ஷா-1 மேல் இருந்த மிச்ச நம்பிக்கையும் போனது. நேர்மையாகச் சொன்னால், அந்தத் தாக்குதல் நேரடியாகப் பாஸ்வேர்டு ஹாஷை உடைக்கவில்லை. மை-எஸ்கியூஎல்லின் உண்மையான பலவீனம் வேறு: உப்பு இல்லை, கணக்கு ரொம்ப வேகம்.

2018 ஏப்ரலில் 8.0 பதிப்பு பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. புதிய இயல்பு முறையின் பெயர் ‘கேச்சிங் ஷா2 பாஸ்வேர்டு’. 20 பைட் உப்பு, 5,000 சுற்றுக் கணக்கு. மாரிஸும் தாம்ப்சனும் சொன்ன இரண்டு யோசனையும் 39 வருஷம் கழித்து மை-எஸ்கியூஎல்லின் இயல்பு நிலைக்கு வந்தது.

ஆனால் ஒவ்வொரு லாகினுக்கும் 5,000 சுற்று ஓட்டினால் சர்வர் திணறும். அதனால் ஒரு குறுக்கு வழி வைத்தார்கள். உங்க அபார்ட்மென்ட் செக்யூரிட்டியை நினைச்சுக்கோங்க. முதல் நாள் ஐடி கார்டு கேட்பார். அப்புறம் முகம் ஞாபகம் இருக்கும், தலையை ஆட்டி உள்ளே விட்டுடுவார். மை-எஸ்கியூஎல் 8 அப்படித்தான். முதல் முறை முழுச் சோதனை. அது முடிந்ததும் சர்வர் தன் நினைவகத்தில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அந்தக் குறிப்பை வைத்து வேகமாக விட்டுவிடும்.

முழுச் சோதனைக்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த நேரத்தில் பாஸ்வேர்டையே சர்வருக்கு அனுப்பணும். ஆகவே வழி பாதுகாப்பாக இருக்கணும்: டிஎல்எஸ் கனெக்ஷன் வேணும், இல்லைன்னா சர்வரின் ஆர்எஸ்ஏ பப்ளிக் கீயால் பூட்டி அனுப்பணும்.

இப்போ முதலில் சொன்ன மர்மத்துக்கு வருவோம். நீங்க ரெப்ளிகேஷன் அக்கவுண்டை உருவாக்கினீங்க. சரியா இருக்கான்னு பார்க்க, கையால் ஒரு முறை லாகின் செய்தீங்க. மை-எஸ்கியூஎல்லின் கமாண்ட்லைன் புரோகிராம், முடிந்தால் தானாகவே டிஎல்எஸ்ஸில் பேசும். முழுச் சோதனை முடிந்தது, சர்வர் முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டது. அப்புறம் ரெப்ளிகாவைத் தொடங்கினீங்க. ரெப்ளிகேஷன் கனெக்ஷன், நாம சொன்னால் ஒழிய டிஎல்எஸ் பயன்படுத்தாது. ஆனாலும் அது ஓடியது. ஏன்? ‘தெரிஞ்ச முகம்தானே’ என்று சர்வர் விட்டுவிட்டது.

மூணு மாசம் கழித்து சோர்ஸ் சர்வரை ரீஸ்டார்ட் செய்றீங்க. நினைவகம் காலி. புது ஷிஃப்ட் செக்யூரிட்டி வந்தாச்சு. ஐடி கார்டைக் கேட்கிறார். ரெப்ளிகாவிடம் பாதுகாப்பான வழி இல்லை. எரர் 2061.

பாருங்க, தவறு நடந்தது அமைத்த அன்று. தெரிந்தது மூணு மாசம் கழித்து. சோதித்துப் பார்த்ததே தவறை மறைத்துவிட்டது! இன்னொன்று: 8.0 பதிப்பின் இயல்பு அமைப்பில் ரெப்ளிகா 60 நொடிக்கு ஒரு முறை, 86,400 தடவை முயற்சி பண்ணும். கணக்குப் போட்டால் 60 நாள். அவ்வளவு நாளும் நிலவரம் கேட்டால் ‘கனெக்ட் ஆகிக்கொண்டிருக்கிறேன்’ என்றுதான் சொல்லும். கண்காணிக்க ஆள் இல்லையென்றால், உங்க நகல் இரண்டு மாசம் பழசாகும் வரை யாருக்கும் தெரியாது.

பக்கத்து வீட்டு போஸ்ட்கிரெஸ்

போஸ்ட்கிரெஸ்காரங்க சிரிக்க வேண்டாம். உங்க வீட்டிலும் இதே கதை உண்டு. 2010 செப்டம்பரில் 9.0 பதிப்பில் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் வந்தது. அப்போது ரெப்ளிகா அக்கவுண்ட் சூப்பர்யூசராக இருக்க வேண்டியிருந்தது. அதே பீரோ சாவி! அடுத்த வருஷம் 9.1-இல் ‘ரெப்ளிகேஷன்’ என்ற தனி உரிமை வந்தது.

யார் எங்கிருந்து வரலாம் என்று எழுதி வைக்கும் பிஜி-எச்பிஏ ஃபைலில் புதியவர்கள் மாட்டும் இடம் ஒன்று உண்டு. டேட்டாபேஸ் இடத்தில் ‘ஆல்’ என்று எழுதினால் எல்லாம் அடங்கும் என்று நினைப்போம். ரெப்ளிகேஷன் அதில் அடங்காது. ‘ரெப்ளிகேஷன்’ என்று தனி வரி எழுதணும். எரிச்சலாக இருக்கும். ஆனால் காரணம் நியாயமானது. ரெப்ளிகேஷன் வழியாகப் போவது ஒரு டேட்டாபேஸ் இல்லை, சர்வரில் இருக்கும் எல்லா டேட்டாபேஸும், யூசர்களின் பாஸ்வேர்டு ஹாஷ்களும் சேர்த்து மொத்தம். அந்தக் கதவைத் தெரியாத்தனமாகத் திறந்துவிடக் கூடாது.

பாஸ்வேர்டு முறையும் அப்படியே. பழைய எம்டி5 முறைக்குப் பதிலாக 2017-இல் 10-ஆம் பதிப்பில் ஸ்க்ராம் முறை வந்தது. அதை இயல்பு நிலையாக்கியது 2021-இல், 14-ஆம் பதிப்பில்தான். பழைய லைப்ரரியோடு வந்தால் ‘ஸ்க்ராமுக்குப் பதிப்பு 10 அல்லது அதற்கு மேல் வேண்டும்’ என்று எரர் வரும். 2004-இன் 1251-க்குத் தம்பி. ஆனால் போஸ்ட்கிரெஸ் புது முறையைக் கொடுத்து, 4 வருஷம் காத்திருந்து, பிறகே இயல்பாக்கியது. மை-எஸ்கியூஎல் 8 வந்த வேகத்தோடு ஒப்பிட்டால் அந்தப் பொறுமைக்கு மதிப்பு இருக்கு என்பது என் கருத்து.

2017 ஜனவரி 31

இதெல்லாம் வெறும் எரர் மெசேஜ்தானே, என்ன ஆகிவிடும்? கிட்லேப் கதையைக் கேளுங்க. அவர்களே எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதி வெளியிட்டதால் நமக்குத் தெரிகிறது.

அன்றைக்கு அவர்களின் போஸ்ட்கிரெஸ் ரெப்ளிகா பின்தங்கிப் போய் நின்றுவிட்டது. ஒரு இன்ஜினியர் இரவில் உட்கார்ந்து ரெப்ளிகாவை மறுபடி அமைக்க முயன்றார். நகலெடுக்கும் கட்டளை ஒன்றும் சொல்லாமல் தொங்கியது. உண்மையில் அது சோர்ஸ் தயாராகக் காத்திருந்தது. ஆனால் அதைத் திரையில் சொல்லவில்லை. பழைய ஃபைல்கள்தான் தொல்லை என்று நினைத்து அழித்தார். அழித்தது ரெப்ளிகாவில் இல்லை, சோர்ஸில். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டும் மிச்சம்.

சரி, பேக்கப் இருக்குமே? தினசரி பேக்கப் பதிப்பு முரண்பாட்டால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்ல ஈமெயில் போகும் ஏற்பாடும் இருந்தது. ஆனால் அந்த மெயில்கள் டிமார்க் என்ற ஈமெயில் ஆதென்டிகேஷன் சோதனையில் தேறவில்லை. கையெழுத்தில்லாத மெயில் என்று பெறுகிற பக்கம் நிராகரித்துவிட்டது. ஆக, ‘பேக்கப் இல்லை’ என்று கத்திய குரலையே வாசலில் நிறுத்தியது இன்னொரு ஆதென்டிகேஷன்.

ஆறு மணி நேரத்துக்கு முன்னால் வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேர டேட்டா போனது: சுமார் 5,000 புராஜெக்ட், 5,000 கமென்ட், 700 புது யூசர்கள். அந்த இன்ஜினியரைக் குற்றவாளியாக்காமல், முறையில் இருந்த ஓட்டைகளைப் பட்டியலிட்டார்கள். அதுக்காகவே அந்த அறிக்கையைப் படிக்கணும்.

இப்போ என்ன செய்யலாம்?

2024 ஏப்ரலில் மை-எஸ்கியூஎல் 8.4 வந்தபோது, அந்தப் பழைய ஷா-1 முறை இயல்பாகவே முடக்கப்பட்டது. ஜூலையில் 9.0-இல் சர்வரிலிருந்து முழுசாக நீக்கப்பட்டது. 2004-இல் புதுசாக வந்தது, 20 வருஷத்தில் விடைபெற்றது. 2018-இல் 2061 வந்ததும் பலர் செய்தது, அக்கவுண்டை அந்தப் பழைய முறைக்கே திருப்பியது. அப்படித் திருப்பிய ஒரு ரெப்ளிகேஷன் அக்கவுண்ட் உங்க ஆபீஸிலும் இருந்தால், அடுத்த அப்கிரேடில் அது நிற்கும்.

சரி, சொன்ன ரெண்டு வரி. ஒன்று, ரெப்ளிகா அமைக்கும் கட்டளையில் ‘சோர்ஸ் எஸ்எஸ்எல் = 1’ என்று போட்டு டிஎல்எஸ்ஸை இயக்குங்க. சான்றிதழையும் சரிபார்க்கச் சொல்லுங்க. இரண்டு, டிஎல்எஸ் முடியாத இடத்தில் மட்டும் ‘கெட் சோர்ஸ் பப்ளிக் கீ = 1’. இது எரரைப் போக்கும். ஆனால் எதிரில் கீ கொடுப்பது உண்மையான சர்வர்தானா என்று பார்க்காது. அதனால் முதல் வழிதான் நல்லது.

அமைத்து முடித்ததும், கையால் லாகின் செய்து பார்த்துத் திருப்திப்படாதீங்க. சோர்ஸை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து, ரெப்ளிகா தானாகத் திரும்பி வருதான்னு பாருங்க. அதை லைவ் ஆவதற்கு முன்னாலேயே செய்யுங்க. அப்புறம், ‘கனெக்ட் ஆகிக்கொண்டிருக்கிறேன்’ என்று அஞ்சு நிமிஷத்துக்கு மேல் சொன்னால் உங்க போன் அடிக்கிற மாதிரி ஒரு அலாரம் வைங்க. அந்த அலாரம் உங்களுக்கு உண்மையிலேயே வந்து சேருதான்னும் ஒரு தடவை சோதித்துப் பாருங்க.

இந்த எபிசோடு இவ்வளவுதான். உங்க டீம்ல ரெப்ளிகேஷன் அக்கவுண்டை யார், எந்த வருஷம் உருவாக்கினாங்கன்னு நாளைக்குப் போய் விசாரிச்சுப் பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.